மேற்கோளும் இருப்பும்: பட்டியல் மென்பொருளின் நுண்ணரசியல் குறித்து

பட்டியல் என்பதும் ஒரு பிரதிதான். நூலகத்தின் வாசலிலேயே கிடந்தும் யாரும் பிரதியாக எண்ணி வாசிக்காத பிரதி. எதை முதலில் எழுதுவது, எதன்கீழ் எதை அடுக்குவது, எதை எழுதாமலே விட்டுவிடுவது என்கிற தெரிவுகளால் அதுவும் கட்டமைக்கப்படுகிறது. ஃபூக்கோ 1966இல் வெளியிட்ட 'சொற்களும் பொருள்களும்' நூலை, போர்ஹேஸின் கற்பனைக் கலைக்களஞ்சியம் ஒன்றில் வரும் விலங்குப் பட்டியலைப் படித்துச் சிரித்ததிலிருந்து தொடங்குகிறார். இந்தச் சிரிப்பைப் பற்றித் தமிழிலும் நிறையப் பேசியாகிவிட்டது. ஆனால் நம் வீட்டு பீரோவில் இருக்கும் சிறுபத்திரிகைகளைக் கணினியில் பதிய உட்காரும்போது திரையில் வரிசையாக வந்து நிற்கும் கட்டங்களைப் பார்த்து நாம் சிரிப்பதில்லை. 'ஆசிரியரின் கடைசிப் பெயர் என்ன?' என்று கேட்டால் எதையோ ஒன்றை அடித்துவிட்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுகிறோம்.

அந்தக் கட்டங்களைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. ஆய்வாளர்கள் அடிக்குறிப்பும் நூற்பட்டியலும் தயாரிப்பதற்காக உருவான மேற்கோள் மென்பொருளைக் கொண்டு ஒரு நூலகத்தையோ ஆவணத் தொகுப்பையோ பட்டியலிட முடியுமா, முடியும் என்றால் அது அந்தத் தொகுப்பை என்ன செய்கிறது என்பவை இங்கே கேள்விகள். சிறுபத்திரிகைச் சேகரிப்பாளர் ஒருவர் விட்டுச்சென்ற மூன்று பீரோ இதழ்களையும் எட்டு அட்டைப்பெட்டிக் கடிதங்களையும் இப்படிப் பதிந்துவரும் அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

1. எதற்காக வந்தது, எதற்குப் பயன்படுகிறது

இவ்வகைக் கருவிகளுக்கு நாற்பது வருடப் பின்னணி உண்டு. 1985இல் பிப்டெக் வந்தது. எண்பதுகளின் இறுதியில் எண்ட்நோட் வந்தது. 2006இல் அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்து வரலாற்று மையம் ஒன்று ஸோட்டெரோவை வெளியிட்டது. முன்னது இரண்டில் எண்ட்நோட் விலைக்கு விற்கப்படுவது. ஸோட்டெரோ இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே கிடக்கிறது. 2008இல் எண்ட்நோட்டின் அன்றைய உரிமையாளரான தாம்சன் ராய்ட்டர்ஸ் அந்தப் பல்கலைக்கழகத்தின்மேல் வழக்குப் போட்டது. எண்ட்நோட்டின் மேற்கோள் பாணிக் கோப்புகளை ஸோட்டெரோ தன் வடிவத்துக்கு மாற்றிக்கொள்கிறது என்பது புகார். 2009இல் வழக்கு தள்ளுபடியானது. ஆய்வாளர் தன் கையால் சேர்த்த குறிப்புகள் எந்த வடிவத்தில் அடைபட்டிருக்கின்றன, அந்த வடிவத்துக்கு யார் சொந்தக்காரர் என்கிற கேள்வி நீதிமன்றம்வரை போனதை நாம் மறக்காமல் இருப்பது நல்லது.

வேலை செய்யும் முறை எளிது. ஒரு நூலுக்கு ஒரு பதிவு. பதிவில் ஆசிரியர், தலைப்பு, ஆண்டு, பதிப்பகம் என்று கட்டங்கள். பதிவுகளைத் தொகுதிகளாகப் பிரிக்கலாம். ஒரே பதிவை நகலெடுக்காமலே பல தொகுதிகளில் வைக்கலாம். ஒட்டுச்சீட்டுப் போல எத்தனை குறிச்சொற்களை வேண்டுமானாலும் ஒட்டலாம், குறிப்பு எழுதலாம், ஸ்கேன் செய்த படத்தை இணைக்கலாம். எல்லாம் நம் கணினியிலேயே ஒரே தரவுக் கோப்புறையில் இருக்கும். வேண்டுமானால் இணையத்திலும் ஒரு நகல் வைத்துக்கொள்ளலாம். பதிவுகளுக்குக் கட்டணம் இல்லை. இணைக்கும் கோப்புகளுக்கு 300 எம்பி வரை இலவசம்.

'இதற்கென்றே நூலக மென்பொருள் இருக்கிறதே, கோஹா இருக்கிறதே' என்று நூலகர்கள் கேட்பார்கள். இருக்கிறது. நியூசிலாந்தில் ஒரு பொது நூலகத்துக்காக எழுதப்பட்டு, 2000இல் பயன்பாட்டுக்கு வந்து, இலவசமாகவே உலகெங்கும் பரவியது. ஆனால் அதற்குத் தனி சர்வர் வேண்டும், அதைப் பராமரிக்க ஆள் வேண்டும், மார்க் எனும் பதிவு வடிவத்தின் எண்கள் தெரிந்திருக்க வேண்டும். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மாடி அறையில் வைத்திருக்கும் தொகுப்புக்கு இது மூன்றும் இல்லை. இருப்பது பழைய மடிக்கணினி ஒன்றும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானமும்தான். இல்லாதவர் கையில் கிடைக்கிற கருவி என்பதுதான் மேற்கோள் மென்பொருளின் முதல் தகுதி.

2. வந்துபோகிறவரின் பார்வை

தகுதி இருக்கட்டும். ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஓர் அறிதல்முறை உறைந்திருக்கிறது. நூலகப் பட்டியல் 'இங்கே என்ன இருக்கிறது?' என்று கேட்கிறது. மேற்கோள் மென்பொருள் 'நான் எதை எடுத்துக்காட்டப் போகிறேன்?' என்று கேட்கிறது. முன்னதன் மையம் இருப்பு, பின்னதன் மையம் பயன்பாடு.

ஸோட்டெரோவில் 'ஆவணகம்', 'ஆவணகத்தில் இடம்' என்று இரண்டு கட்டங்கள் உண்டு. ஆவணங்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்களே என்று முதலில் சந்தோஷமாக இருக்கும். கொஞ்சம் யோசித்தால் அவை யாருக்கானவை என்பது விளங்கிவிடும். ஆவணகம் என்பது எங்கோ வேறிடத்தில் இருப்பது. நீங்கள் அங்கே போய் ஒரு கடிதத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்துத் திரும்பும் விருந்தாளி. விருந்தாளியின் நோட்டுப் புத்தகமாகத்தான் அந்த மென்பொருள் உங்களைக் கற்பனை செய்கிறது. வீட்டுக்காரராக அல்ல. வீட்டுக்காரருக்கு வேண்டிய அக்செஷன் நம்பர், யாரிடமிருந்து எப்போது வந்தது, இரவல் கொடுத்தது, கரையான் அரித்த பக்கம் ஆகியவற்றுக்கு அதில் கட்டம் இல்லை.

ஆகவே அதை வளைக்க வேண்டும். நான் செய்வது இது: அக்செஷன் நம்பரையும் பீரோ, தட்டு எண்களையும் சேர்த்து 'கால் நம்பர்' கட்டத்தில் எழுதுகிறேன். நிலைமையும் வந்த வழியும் 'கூடுதல்' எனும் கட்டத்தில், ஒவ்வொன்றும் ஒரு வரியாக, எல்லாப் பதிவுகளிலும் ஒரே சொற்களில். 'அட்டை இல்லை' என்று ஓரிடத்திலும் 'மேலட்டை கிழிந்தது' என்று இன்னோரிடத்திலும் எழுதினால் பிறகு தேடும்போது ஒன்றும் கிடைக்காது. என்ன சொல்லை எங்கே எழுதுவது என்கிற விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி அந்தத் தொகுப்புக்குள்ளேயே ஒரு குறிப்பாக வைத்துவிட வேண்டும். நாளைக்கு வேறொருவர் வந்து உட்காரும்போது அவருக்கு அந்தப் பக்கம்தான் சாவி.

3. கடைசிப் பெயர் எனும் கேள்வி

இப்போது அந்தக் கட்டத்துக்கு வருவோம். ஐரோப்பிய ஆசிரியருக்குக் குடும்பப் பெயர் உண்டு. அதன்கீழ் அவர் அகரவரிசையில் நிற்பார். 'ஆசிரியர்' என்பது ஒரு செயல்பாடு, பிரதிகளை ஒரு பெயரின்கீழ் கட்டி நிறுத்தும் ஏற்பாடு என்று ஃபூக்கோ 1969இல் பேசினார். அந்த ஏற்பாட்டின் மிகச் சிறிய, மிகப் பிடிவாதமான அலகு இந்தக் 'கடைசிப் பெயர்' கட்டம்.

தமிழருக்குக் கடைசிப் பெயர் எது? சி.சு. செல்லப்பாவில் 'சி' சின்னமனூர் எனும் ஊர், 'சு' தகப்பனார் பெயர். கடைசியில் இருப்பது அவருடைய சொந்தப் பெயர். குடும்பப் பெயர் என்று இதில் ஏதும் இல்லை. அந்த இடத்தில் முன்பு இருந்தது பெரும்பாலும் சாதி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டொழிக்கச் சொல்லித் தீர்மானம் போட்டது. நாம் கழற்றிப்போட்ட இடத்தைத்தான் மென்பொருள் நிரப்பச் சொல்கிறது.

தானியங்கியாக விவரங்களை இழுத்துக்கொள்ளும்போது இது இன்னும் கூர்மையாகிறது. முழுப்பெயர் ஒரே சரமாக வந்தால், அதில் கடைசியாக இருக்கும் சொல்லையே தலைப்பெயராக எடுத்துக்கொள்ளும்படிதான் பொதுவாக நிரல் எழுதப்பட்டிருக்கிறது. எஸ். வையாபுரிப் பிள்ளை அப்போது 'பிள்ளை, எஸ். வையாபுரி' ஆகிவிடுவார். இப்படிப் பத்துப் பேர் சேர்ந்தால் பட்டியலில் 'பிள்ளை' என்று ஒரு தெருவே உருவாகிவிடும். சாதியை உதறிய பெயருக்குக் கட்டத்தில் இடமில்லை. சாதி ஒட்டிய பெயருக்குச் சாதியே தலைமை. யாரும் திட்டமிட்டுச் செய்த சதி அல்ல இது. இயல்பானது என்று எழுதப்பட்ட ஒரு நிரல் வரி, அவ்வளவுதான். ஆனால் 'இயல்பு' என்பதன் அரசியலைப் பற்றி இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

வழி இருக்கிறது, அதுவும் நம்மவர் காட்டியதுதான். சீர்காழிக்காரரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்றார். 1934இல் தன் பட்டியல் விதிநூலை வெளியிட்டார். ஷியாலி ராமாமிர்த ரங்கநாதன் என்ற அவருடைய பெயரிலேயே ஊரும் தகப்பனாரும் முன்னால் நிற்கிறார்கள். தமிழ்ப் பெயரைச் சொந்தப் பெயரின்கீழ் அடுக்கி, தலையெழுத்துகளைப் பின்னுக்குத் தள்ளுவது நம் நூலகங்களின் பழக்கம். அதையே இங்கும் செய்யலாம். 'கடைசிப் பெயர்' கட்டத்தில் 'செல்லப்பா', 'முதல் பெயர்' கட்டத்தில் 'சி.சு.'. 'வையாபுரிப் பிள்ளை' என்பது முழுவதுமாகக் கடைசிப் பெயர்க் கட்டத்தில் போகட்டும். புனைபெயரென்றால் பெயர்க் கட்டத்தின் பக்கத்தில் உள்ள சிறு பொத்தானை அழுத்தி இரண்டு கட்டங்களையும் ஒன்றாக்கிவிடலாம். 'புதுமைப்பித்தன்' அப்படியே ஒற்றைப் பெயராக நிற்பார். கட்டத்தின் மேல் எழுதியிருக்கும் சொல்லுக்குக் கட்டுப்பட வேண்டும் என்று யாருக்கும் சட்டமில்லை.

புனைபெயரில் இன்னொரு சிக்கல். நூலகங்களில் ஒருவருக்கு ஒரு பெயரென்று நிலைநிறுத்தி மற்ற பெயர்களிலிருந்து அங்கே வழிகாட்டும் பெயர்க் கோப்பு உண்டு. மேற்கோள் மென்பொருளில் அது கிடையாது. க.நா. சுப்ரமண்யமும் 'மயன்' என்று கவிதை எழுதியவரும் அதற்கு இரண்டு ஆட்கள். க.நா.சு. என்று அடித்தால் மூன்றாவது ஆள். ந. பிச்சமூர்த்தியும் 'பிக்ஷு'வும் அப்படியே. இதழில் அச்சான பெயரைப் பெயர்க் கட்டத்தில் மாற்றாமல் எழுதி, நிலைநிறுத்திய பெயரைக் குறிச்சொல்லாக ஒட்டுவது என் வழக்கம். அச்சான பெயர் வரலாறு. நிலைநிறுத்திய பெயர் வசதி. வசதிக்காக வரலாற்றை அழிக்கக் கூடாது. முக்கியமாக, யாரென்று இன்னும் தெரியாத புனைபெயர்களை ஊகத்தில் ஒருவர் தலையில் கட்டிவிடாமல் இருக்க வேண்டும். பெண் பெயரில் எழுதிய ஆண்களும் ஆண் பெயரில் எழுதிய பெண்களும் உள்ள பக்கங்கள் இவை.

4. காணாமல் போகும் இதழ்

பெயருக்குக் கட்டமாவது இருக்கிறது. சிறுபத்திரிகைக்கு அதுவும் இல்லை. நான் பயன்படுத்தும் மென்பொருளில் 'புத்தகம்' என்று ஒரு வகை உண்டு, 'இதழ்க் கட்டுரை' என்று ஒரு வகை உண்டு, கடிதம், கையெழுத்துப்படி, திரைப்படம் என்று எத்தனையோ உண்டு. 'இதழ்' என்று ஒரு வகை இல்லை. ஆய்வாளர் கட்டுரையை மேற்கோள் காட்டுவார். முழு இதழை எதற்கு மேற்கோள் காட்டப்போகிறார் என்பது அதன் தர்க்கம். 'எழுத்து' இதழில் வந்த ஒரு விமர்சனக் கட்டுரைக்கு அங்கே இடமுண்டு. 1959 ஜனவரியில் வெளிவந்த 'எழுத்து' முதல் இதழ் என்கிற பொருளுக்கு இடமில்லை.

சிறுபத்திரிகை வெறும் கட்டுரைகளின் மூட்டையா? சந்தா அறிவிப்பு, தாமதத்துக்கு வருத்தம் தெரிவிக்கும் பெட்டிச்செய்தி, இரண்டு இதழ்களைச் சேர்த்து ஒன்றாகப் போட்டதற்கான சாக்கு, அச்சக முகவரி, சக பத்திரிகையின் இலவச விளம்பரம், வாசகர் கடிதம், அதற்கு ஆசிரியரின் காரமான பதில் எல்லாம் சேர்ந்துதான் அது. யார் பணம் போட்டார்கள், யார் யாரோடு சண்டை, எந்த ஊரில் யார் முகவர் என்கிற இயக்கத்தின் நுண்வரலாறு முழுக்க மேற்கோளுக்குத் 'தகுதி இல்லாத' இந்தப் பகுதிகளில்தான் கிடக்கிறது. மேற்கோள் மென்பொருளின் கண்ணோடு பதிகிறவர் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார். பதியாதது தேடலில் வராது. தேடலில் வராதது காலப்போக்கில் இல்லாததாகிவிடும்.

எனவே இதழுக்கு ஒரு பதிவு, கட்டுரைக்கு ஒரு பதிவு என்று இரண்டு அடுக்காகச் செய்கிறேன். இதழை 'புத்தகம்' வகையிலேயே போட்டு, தலைப்பில் பெயர், இதழ் எண், மாதம், ஆண்டு நான்கையும் எழுதுகிறேன். அதன்கீழ் ஒரு குறிப்பில் அட்டை முதல் அட்டைவரை உள்ள அத்தனையும், விளம்பரம் உட்பட, பக்க வரிசையில். முக்கியமான கட்டுரைகளுக்கு மட்டும் தனிப்பதிவு. 'தொடர்புடையவை' வசதியால் அதை இதழோடு முடிச்சுப்போடலாம். தேதி இல்லாத இதழுக்கு உள்ளே இருக்கும் சான்றுகளைக் கொண்டு ஆண்டை ஊகித்தால், நூலகர்கள் செய்வதுபோலச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு [1971?] என்று போட வேண்டும். ஊகத்தையும் அச்சான தகவலையும் ஒரே தோற்றத்தில் எழுதுவது அடுத்த தலைமுறை ஆய்வாளருக்குச் செய்யும் துரோகம்.

5. கடிதக் கட்டு

கடிதப் பெட்டிகளைத் திறந்தபோது சேகரிப்பாளரின் மகன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். "சார், எழுத்தாளர் வாரியாப் பிரிச்சுடலாமா? பெரிய ஆளுங்க கடிதத்தைத் தனியா வெச்சா மீதியை எடைக்குப் போட்டுடலாம்னு அம்மா சொல்றாங்க." அவர் சொன்னதில் தவறில்லை, வீட்டில் இடமில்லை. மென்பொருளும் அதையேதான் சொல்லும். எழுதியவர், பெறுநர், தேதி என்று ஒவ்வொரு கடிதத்தையும் தனித்தனி அணுவாக்கி எழுத்தாளர் பெயரில் அடுக்கிக் காட்டும்.

ஆவணவியல் இதற்கு நேரெதிர். ஒருவரிடம் சேர்ந்த தாள்களை மற்றவருடையதோடு கலக்கக் கூடாது என்கிற விதி 1841இல் பிரான்சில் அரசுச் சுற்றறிக்கையாகவே வந்தது. அவர் அடுக்கியிருந்த ஒழுங்கையும் குலைக்கக் கூடாது என்பதை 1898இல் டச்சு ஆவணவியலாளர் மூவர் எழுதிய கையேடு நிலைநிறுத்தியது. காரணம் எளிது. பிரபல கவிஞரின் அஞ்சலட்டைக்கும் அச்சகத்துப் பாக்கி ரசீதுக்கும் ஒரே நூல் கட்டியிருந்தால் அந்தக் கட்டே ஒரு செய்தி. அட்டையில் பணம் கேட்டிருக்கிறார், ரசீதில் பணம் இல்லை என்று இருக்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் கவிஞரின் 'இலக்கியக் கடிதம்' மிஞ்சும். அது எழுதப்பட்ட வாழ்க்கை போய்விடும்.

மென்பொருளில் தொகுதிக்குள் தொகுதி வைக்கலாம். ஆகவே பெட்டி, கட்டு என்று வந்த ஒழுங்கிலேயே தொகுதிகளை அமைக்க முடிகிறது. ஆனால் தொகுதிக்குப் பெயர் வைக்கலாமே தவிர விவரம் எழுதக் கட்டமில்லை. அதற்காக ஒவ்வொரு தொகுதிக்குள்ளும் ஒரு தனிக்குறிப்பு வைக்கிறேன். உலக அளவில் ஒப்புக்கொண்ட ஆவண விவரிப்பு நெறி இன்றியமையாதவை என்று சொல்வது ஆறு: குறியெண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த மட்டத்து விவரம் என்பது. இந்த ஆறையும் கட்டுக்குக் கட்டு எழுதினாலே போதும். ஆயிரம் கடிதத்தையும் தனித்தனியாகப் பதிய ஆயுசு போதாது. எழுத்தாளர் வாரியாகப் பார்க்க விரும்புகிறவருக்குக் குறிச்சொல் இருக்கிறது. தாளைப் பிரிக்காமலே பட்டியலைப் பிரித்துக் காட்டுவதில்தான் கணினி அட்டைப் பெட்டியை மிஞ்சுகிறது.

ஒரு எச்சரிக்கை. கடிதம் நம் பெட்டியில் இருந்தாலும் அதன் பதிப்புரிமை எழுதியவருடையது. இந்தியச் சட்டப்படி அவர் இறந்த பிறகும் அது நீடிக்கும். உயிரோடு இருப்பவர்களின் அந்தரங்கமும் அதில் இருக்கலாம். ஆவணத்தைப் பற்றிய பதிவைப் பொதுவில் வைப்பது வேறு, ஆவணத்தின் படத்தைப் பொதுவில் வைப்பது வேறு. இணைய வசதி இருக்கிறதே என்று இரண்டையும் ஒரே சொடுக்கில் திறந்துவிடக் கூடாது.

6. எழுத்துரு, நகல், மரணம்

தொண்ணூறுகளில் பலர் கணினியில் பட்டியல் தயாரித்தார்கள். அவரவர் எழுத்துருவில் அடித்தார்கள். இன்று அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக ஒரு குப்பை. யூனிகோடில் அடித்தால் அந்த விபத்து இல்லை. ஆனால் யூனிகோடின் குறியெண் வரிசையும் நம் நெடுங்கணக்கும் ஒன்றல்ல: அங்கே 'ந'வுக்கு அடுத்து 'ன', 'ர'வுக்கு அடுத்து 'ற'. குறியெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் மென்பொருளில் அகரவரிசை தாறுமாறாகும். 'ஸ்ரீ'யை இரண்டு விதமாக அடிக்க முடியும். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. முதல் ஐம்பது பதிவு முடிந்ததுமே அடுக்கிப் பார்த்து, தேடிப் பார்த்துவிட வேண்டும்.

வருடத்துக்கு இருமுறையாவது முழுத் தொகுப்பையும் வேறு வடிவங்களில் வெளியே எடுத்து வைக்க வேண்டும். அட்டவணைக் கோப்பாக எடுத்தால் எவரும் திறக்கலாம், ஆனால் பெட்டி, கட்டு என்கிற தொகுதி அமைப்பு அதில் வராது. ஆகவேதான் இடக் குறியெண்ணைப் பதிவுக்குள்ளேயே எழுதச் சொன்னேன். ஒரு நகல் தாளில் அச்சாகி அந்த பீரோவுக்குள்ளேயே இருக்கட்டும்.

கோட்டையூர் ரோஜா முத்தையா 1992இல் இறந்த பிறகு அவருடைய சேகரிப்பை சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. 1994இல் அது சென்னையில் ஆய்வு நூலகமானது. அப்படி ஒரு பல்கலைக்கழகம் எல்லாச் சேகரிப்பாளர் வீட்டு வாசலுக்கும் வரப்போவதில்லை. பழைய பேப்பர்காரர் வந்துவிடுவார், அவருக்கு ஒரு நாள் போதும். பட்டியல் இல்லாத சேகரிப்பு வாரிசுகளின் கண்ணுக்கு வெறும் காகிதம். பட்டியல் இருந்தால் அது ஒரு பொருள். கேட்க, கொடுக்க, பங்கிட, ஒப்படைக்க முடிந்த பொருள். எடைக்கும் ஆவணத்துக்கும் நடுவில் நிற்பது சில சமயம் நாற்பது பக்கப் பட்டியல் ஒன்றுதான்.

'ஆர்க்கைவ்' எனும் சொல்லின் கிரேக்க மூலம் அதிகாரிகளின் வீட்டைக் குறிப்பது என்று தெரிதா நினைவூட்டினார். ஆவணத்தைக் காப்பவரே அதற்குப் பொருள் சொல்லும் உரிமையையும் வைத்துக்கொள்கிறார். மாடி அறையில், இலவச மென்பொருளில், நம் விதிகளை நாமே எழுதிப் பட்டியலிடும்போது அந்த உரிமை கொஞ்சம் கைமாறுகிறது. அதோடு பொறுப்பும் கைமாறுகிறது. கட்டங்கள் கேட்பதை மட்டும் நிரப்பினால் மேற்கோள் காட்டத் தகுந்தவர்களின் வரலாறு ஒன்று தயாராகிவிடும். அது ஏற்கெனவே நிறைய இருக்கிறது. கட்டங்கள் கேட்காதவர்களை எங்கே எழுதப்போகிறோம் என்பதை முதல் பதிவுக்கு முன்பே முடிவு செய்துகொண்டு வேலையைத் தொடங்கலாம்.